தாபோடியில் இருந்து ரெண்டு ஸ்டேஷன்

மக்களே, முதல்ல ஒரு கேள்வி. தென்னிந்தியாவோட முதல் சினிமாவை எடுத்தவர் கேமரா பிடிக்க எந்த ஊர்ல கத்துக்கிட்டார்? மெட்ராஸ்னு சொன்னா மார்க் கிடையாது. பம்பாய்? ஊஹூம். கல்கத்தா? அதுவும் இல்லை. விடை, பூனா! நான் இத்தனை வருஷமா குப்பை கொட்டிக்கிட்டு இருக்கிற இதே புனேதாங்க.

நம்ம ஜனங்க நாலு குடும்பம் ஒண்ணா சேர்ந்தா என்ன நடக்கும்னு உங்களுக்குத் தெரியாததா? முதல்ல சாப்பாடு. அப்புறம் ஊர்ல இடம் என்ன விலை போகுதுங்கற கவலை. மூணாவது சினிமா. எந்தப் படத்துல யார் யாருக்குப் பதிலா நடிச்சாங்க, எந்த சீரியல்ல அம்மா மாறினாங்க, எந்தப் பாட்டை முதல்ல எந்தப் படத்துக்குப் போட்டாங்க... ராத்திரி பதினோரு மணி வரைக்கும் ஓடும். பசங்க தூங்கிடும். அப்பாக்கள் மட்டும் நிறுத்த மாட்டாங்க.

இந்தத் துணுக்குகள் எனக்கும் ரொம்பப் பிடிக்கும். ஆனா ஒரு விஷயம் கவனிச்சீங்களா? நமக்குத் தெரிஞ்சது எல்லாம் படம் எடுக்கும்போது நடந்த கதை. எடுத்து முடிச்ச பிறகு அந்தப் படச்சுருளுக்கு என்ன ஆச்சுங்கற கதையை யாருமே சொல்றதில்லை. எனக்கென்னவோ அதுதான் நிஜமான 'திரைக்குப் பின்னால்'னு தோணுது. அந்தக் கதையில பாதி நடந்தது எங்க ஊர்ல. அதனால கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். கூடவே வாங்க.

புனே ஸ்டேஷன்ல லோணாவ்ளா லோக்கல் ஏறினீங்கன்னா முதல்ல சிவாஜிநகர், அடுத்து கட்கி, அதுக்கு அடுத்தது எங்க தாபோடி. ஒரு பக்கம் ராணுவ இன்ஜினியரிங் காலேஜ், இன்னொரு பக்கம் மகாராஷ்டிரா அரசு பஸ்களுக்கான ஒர்க்‌ஷாப். இப்ப மெட்ரோவும் வந்தாச்சு. சினிமாவுக்கும் இந்த ஊருக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டா, நேரடியா ஒண்ணும் இல்லைதான். ஆனா இங்கிருந்து ரெண்டு ஸ்டேஷன் தள்ளி சிவாஜிநகர்ல இறங்கி ஒரு ஆட்டோ பிடிச்சா லா காலேஜ் ரோடு. அந்த ஒரே ரோட்டுல சினிமா கத்துக்கொடுக்கிற பிலிம் இன்ஸ்டிட்யூட்டும் இருக்கு, எடுத்த சினிமாவைப் பத்திரமா வைக்கிற தேசிய திரைப்பட ஆவணக் காப்பகமும் இருக்கு.

சரி, முதல் கேள்விக்கு வருவோம். அந்த ஆள் பேர் ஆர். நடராஜ முதலியார். வேலூர்க்காரர். மெட்ராஸ்ல மோட்டார் கார், உதிரி பாக வியாபாரம். தாதாசாகேப் ஃபால்கேவோட படங்களைப் பார்த்துட்டு நாமும் எடுத்தா என்னன்னு கிளம்பினார். பூனாவில் ஸ்டூவர்ட் ஸ்மித்னு ஒரு வெள்ளைக்கார கேமராமேன் இருந்தார். அவர்கிட்ட வந்து தொழிலோட அடிப்படையைக் கத்துக்கிட்டார். திரும்பிப் போய், தஞ்சாவூர்ல ஒரு செல்வந்தர்கிட்ட இருந்த வில்லியம்சன் கேமராவை வாங்கினார். புரசைவாக்கம் மில்லர்ஸ் ரோட்டுல ஒரு பங்களா பிடிச்சு 'கீசக வதம்' எடுத்தார். வருஷம் புத்தகத்துக்குப் புத்தகம் மாறும், 1916-ல இருந்து 1918-க்குள்ள.

லைட் எல்லாம் கிடையாது. மேலே மெல்லிசா வெள்ளைத் துணி கட்டி, அதுல வடிகட்டி வர்ற வெயில்ல ஷூட்டிங். பிலிமைக் கழுவ மெட்ராஸ் சூடு சரிப்படாதுன்னு பெங்களூர்ல லேப் வச்சார். இங்கே எடுக்கிறது, அங்கே கொண்டு போய்க் கழுவுறது. மௌனப் படம்ங்கறதால நடுநடுவே எழுத்துல வசனம் வரும். தமிழ், இங்கிலீஷ், ஹிந்தி மூணுலயும் போட்டார். அந்த ஹிந்தி வாசகங்களை எழுதிக் கொடுத்தது யார் தெரியுமா? காந்திஜியோட மகன் தேவதாஸ் காந்தி! அடுத்த வினாடி வினாவுல இதைக் கேளுங்க, ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க.

இனி யாரும் கேட்காத கேள்வி. 'கீசக வதம்' இப்ப எங்கே இருக்கு? எங்கேயும் இல்லை. முதலியார் ஒரு தீ விபத்தையும் மகனோட சாவையும் பார்த்துட்டு 1923 வாக்குல சினிமாவையே விட்டுட்டார். அதுக்கப்புறம் 1971 வரைக்கும் உயிரோட இருந்தார். எம்ஜிஆர், சிவாஜி படமெல்லாம் ஓஹோன்னு ஓடின காலத்துல, முதல் படம் எடுத்த மனுஷன் அதே தமிழ்நாட்டுல இருந்திருக்கார். படம்தான் இல்லை.

சரி, அது மௌனப் படம், ரொம்பப் பழசு. பேசும் படம்? அதுவும் அதே கதைதாங்க.

முதல் தமிழ் பேசும் படம் 'காளிதாஸ்'. 1931 அக்டோபர் 31-ம் தேதி மெட்ராஸ் கினிமா சென்ட்ரல்ல ரிலீஸ். டைரக்‌ஷன் எச்.எம். ரெட்டி, நாயகி டி.பி. ராஜலட்சுமி. நாயகி தமிழ் பேசுவாங்க, நாயகன் தெலுங்கு பேசுவார். அவங்களுக்குள்ள எப்படியோ புரிஞ்சிருக்கு! காளிதாசர் கதைக்கு நடுவுல காந்தியோட ராட்டை பத்தியும் ஒரு பாட்டு வரும். ஜனங்க லாஜிக் எல்லாம் பார்க்கலை, படம் பேசுதேங்கறதே போதுமா இருந்தது. படப்பெட்டி சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு வந்தப்ப தேங்காய் உடைச்சு, பூ தூவி, ஊர்வலமா கொண்டு போனாங்களாம்.

அந்தப் படம் எடுக்கப்பட்டது பம்பாயில், அர்தேஷிர் இரானியோட கம்பெனியில். அதே வருஷம் மார்ச் 14-ம் தேதி வந்த இந்தியாவோட முதல் பேசும் படம் 'ஆலம் ஆரா'வும் அவர் எடுத்ததுதான். 'ஆலம் ஆரா' செட்டுலயே 'காளிதாஸ்' எடுத்தாங்க. ஸ்டூடியோ பக்கத்துலயே ரயில் பாதை. பகல்ல ரயில் சத்தம் மைக்ல விழும்னு 'ஆலம் ஆரா'வைப் பெரும்பாலும் நடுராத்திரியில எடுத்தாங்க. ரயில் ஓயற நேரம் பார்த்து ஹீரோ பேசணும், ஹீரோயின் பாடணும். மைக்கை நடிகர்களுக்குப் பக்கத்துல எங்கேயாவது ஒளிச்சு வைப்பாங்க.

இவ்வளவு பாடுபட்டு எடுத்த ரெண்டு படத்துக்கும் இன்னைக்கு ஒரு பிரதி கிடையாது. 'காளிதாஸ்' பாட்டுப் புத்தகம் இருக்கு, விளம்பரம் இருக்கு, படம் இல்லை.

ஏன் இல்லைன்னா, இங்கேதான் எங்க லா காலேஜ் ரோட்டு ஹீரோ வர்றார். பி.கே. நாயர். திருவனந்தபுரத்துக்காரர், 1933-ல பிறந்தவர். சினிமா எடுக்கணும்னு பம்பாய் போனவர் கடைசியில சினிமாவைச் சேகரிக்கிறவரா புனேல வந்து நின்னார். 1964-ல ஆவணக் காப்பகம் ஆரம்பிச்சாங்க. மறு வருஷத்துல இருந்து 1991-ல ரிட்டயர் ஆகிற வரைக்கும் அதுதான் அவர் உலகம். கிட்டத்தட்ட 12,000 படங்களைச் சேர்த்தார். எந்தப் படத்துல எந்த சீன் எத்தனாவது ரீல்ல வருதுன்னு கேட்டா டக்குனு சொல்லுவாராம். பழைய படம் ஒரு ரீல் கிடைக்கும்னு தெரிஞ்சா எந்த ஊரா இருந்தாலும் கிளம்பிடுவார். ஃபால்கே குடும்பத்தாரைத் தேடிப் போய் அவங்க வீட்டுல இருந்த சுருள்களை வாங்கி வந்தவரும் இவர்தான்.

நாயர் வயசான இரானியைப் போய்ப் பார்த்தார். 'ஆலம் ஆரா'வோட ஒரு சில ரீல் இங்கே எங்கேயாவது இருக்கும்னு பெரியவர் சொன்னார். வெளியே வந்ததும் மகன் நாயரைத் தனியா கூப்பிட்டு உண்மையைச் சொல்லிட்டார். அந்த ரீல்களை எப்பவோ அவரே வெள்ளிக்காகப் போட்டுட்டாராம். அப்பாவுக்கு அது தெரியாது.

வெள்ளியான்னு கேட்கறீங்களா? ஆமாங்க. கருப்பு வெள்ளைப் படத்துல நாம பார்க்கிற கருப்பு இருக்கே, அதுவே வெள்ளிதான். பிலிம் மேல பூசின வெள்ளி உப்புல வெளிச்சம் பட்டு, கழுவும்போது வெள்ளித் துகளா படிஞ்சு நிக்கும். ஓடி முடிஞ்ச படத்தைக் கழுவினா அந்த வெள்ளி திரும்பக் கிடைக்கும். கிலோ கணக்குல எடைக்குப் போட்டாங்க. நம்ம வீட்டுல பழைய பட்டுப்புடவையை ஜரிகைக்காகப் போட்டுட்டு எவர்சில்வர் பாத்திரம் வாங்கலையா, அதே கணக்குதான். அந்த நேரத்துல யாருக்கும் அது தப்பாத் தெரியலை. படம் ஓடி முடிஞ்சாச்சு, இனி எதுக்கு?

வெள்ளிக்குப் போகாதது நெருப்புக்குப் போச்சு. 1950 வாக்குல வரைக்கும் பிலிம் நைட்ரேட்ல செஞ்சது. சினிமாவைப் பத்தி நம்ப முடியாத துணுக்குன்னு யாராவது கேட்டா இதைச் சொல்லுங்க. நைட்ரேட் பிலிம் பத்திக்கிட்டா தண்ணிக்குள்ள முக்கினாக்கூட எரியும். எரியத் தேவையான ஆக்சிஜன் அதுக்குள்ளேயே இருக்கு. 2003 ஜனவரியில எங்க லா காலேஜ் ரோட்டுலயே அப்படி ஒரு கிடங்கு பத்தி எரிஞ்சது. காப்பாத்தி வச்சிருந்த பழைய சுருள்கள் நிறையப் போச்சு.

கூட்டிக் கழிச்சுப் பாருங்க. இந்தியாவுல எடுத்த மௌனப் படங்கள் 1,300-க்கும் மேல. இன்னைக்கு மிஞ்சினது முப்பது சொச்சம், அதுலயும் பல துண்டு துண்டா. மிஞ்சினதும் யாரோ திட்டம் போட்டுக் காப்பாத்தினதால இல்லை, அதிர்ஷ்டத்துல மிஞ்சினதுதான் நிறைய.

அதுக்கு நம்ம நாகர்கோவில் கதையைக் கேளுங்க. ஜே.சி. டேனியல் 'விகதகுமாரன்'னு ஒரு படம் எடுத்தார், மலையாளத்தோட முதல் சினிமா. சொத்தெல்லாம் வித்து எடுத்து, நஷ்டப்பட்டு, கடைசியில கன்னியாகுமரி மாவட்டம் அகஸ்தீஸ்வரத்துல ஏழையா 1975-ல காலமானார். படச்சுருள்? விவரம் தெரியாத வயசுல அவரோட சின்ன மகன் விளையாட்டா கொளுத்திட்டார். பெரியவரான பிறகு அவரே அதைச் சொல்லி வருத்தப்பட்டார்.

அந்த டேனியலோட உறவினர் ஒருத்தர், நாகர்கோவில் ஆர். சுந்தர்ராஜ். சி.வி. ராமன் பிள்ளையோட 'மார்த்தாண்ட வர்மா' நாவலைப் படமா எடுத்தார். 1933-ல திருவனந்தபுரத்துல ரிலீஸ். நாவலோட உரிமை ஒரு புத்தகக் கம்பெனிகிட்ட இருந்தது, எங்களைக் கேட்காம எப்படி எடுக்கலாம்னு அவங்க கேஸ் போட்டுட்டாங்க. படம் நின்னு போச்சு, பிரதி புத்தகக் கம்பெனி வசம் போச்சு. சுந்தர்ராஜுக்குப் பெரிய நஷ்டம். ஆனா பெட்டி புத்தகக் கடையில அப்படியே கிடந்தது. யாரும் ஓட்டலை, யாரும் வெள்ளிக்குப் போடலை. 1974-ல புனே காப்பகம் அதை வாங்கிக்கிச்சு. ஜெயிச்ச படங்கள் எல்லாம் ஓடி ஓடித் தேய்ஞ்சு அழிஞ்சு போக, கேஸ்ல மாட்டின படம் பிழைச்சது!

இப்ப பிலிம் இன்ஸ்டிட்யூட் இருக்கிற இடம் ஒரு காலத்துல பிரபாத் ஸ்டூடியோ. 1929-ல கோலாப்பூர்ல சாந்தாராம், டாம்லே, ஃபத்தேலால் எல்லாம் சேர்ந்து ஆரம்பிச்ச கம்பெனி, 1933-ல புனேக்கு வந்தது. தேவ் ஆனந்த், குரு தத் சட்டைக் கதை நடந்தது இங்கேதான். சலவைக்காரர் மாத்திக் கொடுத்துட்டார், ஒருத்தர் சட்டையை இன்னொருத்தர் போட்டுக்கிட்டு வந்தார், அதுலேயே சிநேகம். நான் டைரக்டர் ஆனா நீதான் ஹீரோன்னு ஒருத்தர், நான் தயாரிச்சா நீதான் டைரக்டர்னு இன்னொருத்தர். 1951-ல 'பாஸி' வந்தது. இது எல்லாரும் சொல்ற துணுக்கு.

நம்ம ஆளுங்க சொல்லாத துணுக்கு ஒண்ணு இருக்கு. இதே பிரபாத் கம்பெனி தமிழ்லயும் படம் எடுத்தது. 1934-ல வந்த 'சீதா கல்யாணம்'. ராமரா நடிச்சவர் எஸ். ராஜம். சீதையா நடிச்சவர் அவரோட கூடப் பிறந்த சகோதரி ஜெயலட்சுமி! ஜனகர் அவங்க அப்பா சுந்தரம் ஐயர். அண்ணன் தங்கையைப் போய் ராமர் சீதையாப் போடலாமான்னு ஊர்ல பேச்சு வராம இருக்குமா, வந்தது. ராவணன் சபையில வாத்தியம் வாசிக்கிற வாண்டுப் பையன் யாருன்னு பார்த்தா, அதே வீட்டுக் கடைக்குட்டி எஸ். பாலச்சந்தர். ஆமாங்க, வீணை பாலச்சந்தர். பின்னாடி 1954-ல பாட்டே இல்லாம 'அந்த நாள்' எடுத்த அதே ஆள். பாபநாசம் சிவன் சினிமாவுக்கு இசையமைச்ச முதல் படமும் இதுதான்.

பிரபாத்தோட மகுடம்னா 1936-ல வந்த 'சந்த் துக்காராம்'. பம்பாயில ஒரே தியேட்டர்ல ஒரு வருஷத்துக்கு மேல ஓடினது, வெனிஸ் வரைக்கும் போய்ப் பாராட்டு வாங்கினது. துக்காராமா நடிச்ச விஷ்ணுபந்த் பாக்னீஸ் நாடக மேடையில பெண் வேஷம் கட்டினவர். சண்டைக்கார மனைவியா வந்து மொத்தப் படத்தையும் தூக்கிட்டுப் போற கௌரி, ஸ்டூடியோவுல சாதாரண வேலைக்குச் சேர்ந்தவங்க. ஒவ்வொரு வருஷமும் ஆனி மாச வாக்குல துக்காராம் பல்லக்கு தேஹுவுல இருந்து பண்டரிபுரம் கிளம்பும்போது எங்க தாபோடி வழியாத்தான் புனேக்குள்ள வரும். தலையில துளசி மாடம் வச்சுக்கிட்டு நடந்து வர்ற பாட்டிகளைப் பார்க்கும்போது அந்தப் படம் ஞாபகம் வராம இருக்காது. இன்னைக்கும் அந்தப் படத்தை உட்கார்ந்து பார்க்கலாம், பிரதி இருக்கு.

அதே துக்காராம் கதையைத் தமிழ்லயும் எடுத்தாங்க. 1938, கோயம்புத்தூர் சென்ட்ரல் ஸ்டூடியோ. துக்காராம் யார் தெரியுமா? சங்கீத வித்வான் முசிறி சுப்பிரமணிய ஐயர். அவர் நடிச்ச ஒரே படம். கேட்கும்போதே பார்க்கணும்னு தோணுதில்லையா? பார்க்க முடியாது. பிரதி கிடைக்கலை. ஒரே சாமியார், ரெண்டு வருஷ இடைவெளி. மராத்தி துக்காராம் பேரன் பேத்திகளுக்கும் இருக்கார், தமிழ் துக்காராம் இல்லை. எது நல்ல படம்ங்கறது இங்கே கேள்வியே இல்லை. பெட்டியை யார் பார்த்துக்கிட்டாங்கங்கறதுதான்.

இது கருப்பு வெள்ளைக் காலத்தோட முடிஞ்ச கதைன்னு நினைச்சீங்கன்னா, பாலு மகேந்திராவைச் சொல்றேன். மட்டக்களப்புப் பக்கம் அமிர்தகழியில பிறந்தவர். ஸ்கூல் பையனா இருந்தப்ப இலங்கையில 'பிரிட்ஜ் ஆன் த ரிவர் க்வாய்' ஷூட்டிங் பார்த்தார். டைரக்டர் டேவிட் லீன் 'மழை'ன்னு கத்தினதும் மழை பெய்ஞ்சதாம். நாமும் ஒரு நாள் மழையைக் கூப்பிடணும்னு அப்பவே முடிவு பண்ணிட்டார். அந்தக் கனவு அவரைக் கொண்டு வந்து விட்ட இடம் எங்க புனே பிலிம் இன்ஸ்டிட்யூட். 1969-ல ஒளிப்பதிவுக்குத் தங்கப் பதக்கம்.

அதே இன்ஸ்டிட்யூட்ல படிச்ச ஜான் ஆபிரகாம் 1977-ல தமிழ்ல எடுத்ததுதான் 'அக்ரகாரத்தில் கழுதை'. அதுல புரொபசரா நடிச்சவர் இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன். தேசிய விருது வாங்கின அந்தப் படத்தைப் போடறோம்னு சொல்லிட்டு தூர்தர்ஷன் கடைசியில போடலை. இங்கே படிச்ச இன்னொருத்தர் கே. ஹரிஹரன். 1982-ல 'ஏழாவது மனிதன்' எடுத்தார். ரகுவரன் ஹீரோவா அறிமுகம், பாட்டெல்லாம் பாரதியார், இசை எல். வைத்யநாதன். வைத்யநாதன் யார்னு சட்டுனு தெரியலையா? 'மால்குடி டேஸ்' ஆரம்பத்துல ஒரு தனனா வருமே, அது அவர் போட்டது. ஆகும்பே கிராமத்துல சங்கர் நாக் எடுத்த அந்தத் தொடருக்குப் படம் வரைஞ்சு கொடுத்த ஆர்.கே. லக்ஷ்மணும் கடைசிக் காலத்துல புனேவாசிதான். 2015-ல இங்கேதான் காலமானார்.

பாலு மகேந்திராவுக்கு வருவோம். 1988-ல 'வீடு'. படத்துக்காகக் கட்ட ஆரம்பிச்ச சாலிகிராமத்து வீடுதான் பின்னாடி அவரோட சினிமாப் பட்டறை ஆச்சு. அர்ச்சனாவுக்கு தேசிய விருது. தாத்தாவா வர்ற சொக்கலிங்க பாகவதரை மறக்க முடியுமா? அதுக்கு அடுத்து 'சந்தியா ராகம்'. பல வருஷம் கழிச்சு இந்தப் படங்களோட நெகடிவ்வைத் தேடினா, இல்லை. அழிஞ்சு போச்சு. 1931 இல்லைங்க, நம்ம காலம்! வீடியோ கேசட்டுல நாம பார்த்த படம்! தமிழ்நாட்டுக்குன்னு ஒரு திரைப்பட ஆவணக் காப்பகம் வேணும்னு 2014-ல சாகிற வரைக்கும் மேடை மேடையாக் கேட்டுக்கிட்டே இருந்தார். நாயரோட புனேல படிச்ச மனுஷனுக்கு இல்லாத வலி வேற யாருக்கு இருக்கும்?

அவர் பிறந்த நாட்டுல இன்னும் மோசம். 1983 ஜூலைக் கலவரத்துல கொழும்புக்குப் பக்கத்துல ஹெந்தளையில இருந்த விஜயா ஸ்டூடியோவைக் கொளுத்தினாங்க. முதலாளி தமிழர். உள்ளே இருந்த நெகடிவ்களும் சாம்பல். தமிழ்ப் படமா சிங்களப் படமான்னு நெருப்பு பார்க்கலை.

இதையெல்லாம் ஏன் உங்ககிட்ட சொல்றேன்னா, ஒரு நல்ல செய்தியும் இருக்கு. ஊர்ல தொலைஞ்சது பல தடவை வெகு தூரத்துல கிடைச்சிருக்கு.

பிபிசி அந்தக் காலத்துல டேப் விலை அதிகம்னு பழைய நிகழ்ச்சிகளை அழிச்சு அது மேலேயே புதுசு பதிவு பண்ணாங்க. 'டாக்டர் ஹூ' தொடர்ல 1960-கள்ல வந்த எபிசோடுகள் 90-க்கும் மேல இன்னும் காணோம். ஆனா 2013-ல ஒன்பது எபிசோடு கிடைச்சதா அறிவிச்சாங்க. எங்கே கிடைச்சது? லண்டன்ல இல்லை, நைஜீரியாவுல ஒரு டிவி ஸ்டேஷன் அலமாரியில! ஜெர்மன் படம் 'மெட்ரோபோலிஸ்' 1927-ல வந்து, வெட்டுப்பட்டு, ஒரு பெரிய பகுதி போயிடுச்சு. 2008-ல கிட்டத்தட்ட முழுப் படமும் கிடைச்சது அர்ஜென்டினாவுல. உதய் சங்கரோட 'கல்பனா' மெட்ராஸ் ஜெமினி ஸ்டூடியோவுல எடுத்து 1948-ல வந்த படம். அதைப் பத்திரமா வச்சிருந்தது புனே, சரி பண்ணிக் கொடுத்தது இத்தாலியில போலோன்யா, 2012-ல காட்டினது கான் விழாவுல.

அதனால வெளியூர்ல, வெளிநாட்டுல உட்கார்ந்திருக்கிற நாம எல்லாருமே ஒரு விதத்துல அந்த நைஜீரியா அலமாரிதான். யோசிச்சுப் பாருங்க. எண்பதுகள்ல, தொண்ணூறுகள்ல ஊருக்குப் போனவங்க எல்லாம் டிவி நிகழ்ச்சியை வீடியோ கேசட்டுல பதிவு பண்ணிக்கிட்டு வந்தோமே? பொங்கல் சிறப்பு நிகழ்ச்சி, தீபாவளிப் பட்டிமன்றம், வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும், நடு நடுவே விளம்பரம். சிங்கப்பூர், மலேசியா, துபாய், டொரொண்டோ, பாரிஸ்னு அந்தக் கேசட் போகாத ஊர் ஏது? ஒளிபரப்பினவங்ககிட்ட இல்லாதது உங்க பரண்ல இருக்கலாம். உங்க கல்யாண வீடியோவும் அங்கேதான் இருக்கு, அதுல இப்ப இல்லாத தாத்தா பாட்டி நடந்து வர்றாங்க. அதுக்கு எந்த ஊர்லயும் இன்னொரு பிரதி கிடையாது.

அரசாங்கம் அதன் வேலையைக் கொஞ்சம் செய்யுது. 2022-ல சுமார் 2,200 படங்களைச் சரி பண்ண 363 கோடி ரூபாய்னு அறிவிச்சாங்க. அதே வருஷம் புனே காப்பகத்தை தேசிய திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோட இணைச்சாங்க. ஆனா உங்க பரணுக்கு எந்தத் திட்டமும் வராது. அது நம்ம வேலை.

பெரிய கம்ப சூத்திரம் ஒண்ணும் இல்லை. வீடியோ பிளேயர் தயாரிச்ச கடைசி ஜப்பான் கம்பெனி 2016 ஜூலையோட நிறுத்திடுச்சு. ஓடற மெஷின் வருஷா வருஷம் குறையுது, அதனால தள்ளிப் போடாதீங்க. கேசட்டைப் படுக்க வைக்காம புத்தகம் மாதிரி நிக்க வைங்க. வெயில், ஈரம், ஸ்பீக்கர் பக்கம் வேண்டாம். உள்ளே டேப் மேல வெள்ளையா பூஞ்சை தெரிஞ்சா மெஷின்ல போட்டுப் பார்க்கவே பார்க்காதீங்க, டேப்பும் போகும் மெஷினும் போகும், தெரிஞ்சவங்ககிட்ட கொடுங்க. கம்ப்யூட்டருக்கு மாத்தின பிறகு ரெண்டு இடத்துல வைங்க, அதுல ஒண்ணு வேற வீடா இருக்கட்டும். மாத்தியாச்சேன்னு கேசட்டை உடனே தூக்கிப் போடாதீங்க. பழைய டிவி நிகழ்ச்சி எதுவும் இருந்தா, நடுவுல வர்ற விளம்பரத்தை வெட்டாதீங்க. இன்னும் முப்பது வருஷம் கழிச்சு அதைத்தான் முதல்ல தேடுவாங்க.

ஞாயித்துக்கிழமை நேரம் கிடைச்சா பரண் ஏறுங்க. முதல் வேலையா ஒவ்வொரு கேசட் அட்டையிலயும் பேனாவால எழுதி வச்சிருக்கிற தேதியையும் பேரையும் ஒரு நோட்டுல எழுதிக்குங்க, மசி மங்கிட்டு வருது. அந்தக் கையெழுத்து யாரோடதுன்னு பசங்களுக்குச் சொல்லிக் கொடுங்க. எழுதினவங்க பக்கத்துலயே இருந்தா, அவங்களையே கூப்பிட்டு உட்கார வச்சு, எந்த வருஷம், எந்த வீடு, பின்னாடி கேட்கிற குரல் யாரோடதுன்னு இப்பவே கேட்டு எழுதிடுங்க.